வட்டத்துக்கு வெளியே

இருபத்தொன்பது பருவங்கள்.
வெற்றி இருநூற்றுப் பதினொன்று,
தோல்வி இருநூற்று அறுபத்து மூன்று.
விருந்து மண்டபத் திரையில் போட்டார்கள்,
தோல்வியை மட்டும் கொஞ்சம் சின்ன எழுத்தில்.

கடைசி மேசையில் நான்,
உருளைக்கிழங்குச் சாலட்டோடு.
அழைப்பு வரவில்லை, வந்திருந்தேன்.
மார்லிஸ் ஸ்னேவ்லியின் பிரிவுபசாரத்துக்கு
நடுவரை யார் அழைப்பார்கள்?

அவளைக் கல்லூரி பிரித்துப் பிரித்துத்தான் வாங்கியது:
ஹாக்கிக்குப் பாதி,
பேட்மின்டன் வகுப்புக்குக் கால்,
மீதிக் காலுக்கு முதலுதவிப் பாடம்.
வேனை அவளே ஓட்டினாள்.
பயிற்சி உடைகள் அவள் வீட்டு இயந்திரத்தில் சுழன்றன;
அவள் கணவனின் வெள்ளைச் சட்டைகள்
அக்டோபர் தோறும் இளஞ்சிவப்பாயின.

அப்போது மைதானம் நிஜப் புல்.
வேலிக்கு அந்தப் பக்கம் பால்பண்ணை.
தெற்கத்திக் காற்று வீசினால்
பெனிசில்வேனியா முழுக்கச் சாணி மணக்கும்;
எதிரணிக்குக் குமட்டும்.
அதைத் தன் பன்னிரண்டாவது ஆட்டக்காரி என்பாள்.

செயற்கைப் புல்லுக்காகப் பதினோரு குளிர்காலம் மனு எழுதினாள்.
விரித்து முடித்த அன்று மாலை
கார் சாவியைத் தொலைத்துத் திரும்பி வந்த நான் பார்த்தேன்:
விளக்கெல்லாம் அணைந்தபின்
வெறுங்காலோடு
ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கம்பம் வரை
நடந்துகொண்டிருந்தாள்.
சாவியைத் தேடாமல் திரும்பிவிட்டேன்.

தொண்ணூற்றாறு. அரையிறுதி. தூறல்.
கடைசி நிமிடத்தில் ஹைடி ஓபர்ஹோல்ட்சர் அடித்தாள்,
வலை குலுங்கியது,
ஊர் எழுந்து நின்றது,
நான் விசில் ஊதினேன்.
அடித்த இடம் வட்டத்துக்கு வெளியே.
ஒரு கையகலம். கோல் இல்லை.
மார்லிஸ் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தாள்.
பச்சை அட்டை காட்டினேன், நிற்கவில்லை;
மஞ்சள் காட்டினேன்,
அதற்குப் பிறகுதான் சத்தமே ஆரம்பித்தது.

அன்று தொட்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால்
கைகுலுக்கும் சாக்கில் ஒரே கேள்வி:
"கண்ணாடி மாற்றினாயா, டன்க்கிள்பெர்கர்?"
மாற்றினேன். இரண்டு தரம்.
மூன்றாம் வருடம் எனக்கே ஐயம் வந்துவிட்டது.
சுண்ணாம்புக் கோடு, மழை வேறு;
தூக்கத்தில் அந்தப் பந்தை
எத்தனை முறை எங்கெங்கோ வைத்துப் பார்த்திருப்பேன்.

உரைகள் முடிந்ததும்
இரண்டு காப்பியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.
"அது வெளியேதான்" என்றாள்.

நான் சாலட்டைப் பார்த்தேன்.

"எனக்கு அன்றைக்கே தெரியும்.
பதினெட்டுப் பெண்கள் அழுதுகொண்டு வண்டி ஏறினார்கள்.
ஹைடி தன் மட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.
அவர்கள் திட்ட ஒரு ஆள் வேண்டும்.
உன்னிடம் கோடு போட்ட சட்டை இருந்தது.
அதற்குத்தானே காசும் கொடுத்தார்கள்?"

"எழுபது டாலர்."

"பெட்ரோல்?"

"அதிலேயே அடக்கம்."

மேசை ஆடும்படி சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை; காப்பியை மட்டும் குடித்தேன்.
சர்க்கரை போட்டிருந்தாள்.
நான் போடுவதில்லை.

மேலங்கி மாட்டும் இடத்தில் ஹைடி நின்றாள்.
நரை விழுந்திருந்தது, தோளில் தூங்கும் பேரன்.
என்னைக் கண்டதும் அவள் முகம்
அந்தத் தூறலுக்கே திரும்பிப் போனது.
"அது உள்ளேதான் இருந்தது" என்றாள், மெதுவாக,
குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று.

நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்த மார்லிஸ்
இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இருக்கலாம்" என்றேன்.

தெரிந்தே நான் கொடுத்த
ஒரே தவறான தீர்ப்பு.
வெளியே வந்தால் தெற்கத்திக் காற்று;
பண்ணை இன்னும் அங்கேதான் இருக்கிறது.