பின் கண்ணாடி

பகாவ் டவுன் கிளினிக் வாசல்,
பிற்பகல் இரண்டு மணி.
யாரும் தொடவில்லை.
என் பழைய சாகாவின் பின் கண்ணாடி
ரப்பர்க்காய் வெடிக்கிற சத்தத்தோடு
முழுசாய் வெளுத்து
ஒரு மூச்சு நின்று
பிறகு கொட்டியது,
ஊறிய ஜவ்வரிசி சரிந்தாற்போல.

வெயில், என்றான் பட்டறை ஆ லெக்.
காலையில் மழை, மத்தியானம் நெருப்பு,
கண்ணாடி என்ன செய்யும்?
கண்ணுபட்டிருக்கு, என்றாள்
மருந்துக்கு நின்ற அமிர்தவல்லி.
பதினான்கு வருசக் காடிக்கா, என்றேன்.
கண்ணாடிக் கடைக்காரர் நிதானமாய்ச் சொன்னார்:
உருக்கிய அன்றே உள்ளே சிக்கிய நிக்கல் துணுக்கு,
மணலில் பாதிகூட இருக்காது,
மெல்லப் பருத்துப் பருத்து
இன்றைக்கு இடம் போதவில்லை அதற்கு.

காலையில் குணாளன் இறங்கிய கையோடு
எட்டிக் கதவை நான் அறைந்ததை
ஒருவரிடமும் சொல்லவில்லை.

எதிரே, செம்பனை ஓரம் புல் வெட்டிய
வங்காளதேசத்துப் பையன்
யந்திரத்தை அணைத்துவிட்டு
இரண்டு கையையும் தூக்கி நின்றான்,
யாரும் எதுவும் கேட்கும் முன்பே.

சாயங்காலம் பட்டறைக்கே வந்தான்.
நான்காய் மடித்த ஐம்பது வெள்ளி.
கல்லா இல்லையா, தெரியாது காக், என்றான்.
விரல் நுனியெல்லாம் பச்சை.
வேண்டாம் என்றேன்.
போகவில்லை.
சீட்டு இடுக்கில் கைவிட்டு
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கத் தொடங்கினான்.
மறுபக்கம் குனிந்து நானும்.

கறுப்புக் குப்பைப் பையை ஒட்டி
அது படபடக்க வீடு வந்தேன்.
இறங்கி, இரண்டே விரலால்
கதவைச் சாத்தினேன்.
சரியாக மூடவில்லை.
உள்விளக்கு
எரிந்துகொண்டே இருந்தது.