கேள்வி இருபத்தேழு

நாற்பத்தொரு கேள்விகளோடு போனேன்.
சுங்கை லெபாம்.
அந்தக் காலத்துக் கித்தாத் தோட்டம்;
இப்போது பாதி செம்பனை, பாதி தாமான்.
ஆற்றுக்கும் மிஞ்சியிருக்கும் லயத்துக்கும் நடுவே
பச்சைக் கம்பிவேலிக்குள் பம்ப் வீடு.

சாவி காண்ட்ராக்டரிடம்.
மாற்றுச் சாவி
கோயில் முன்னாலிருக்கும் சாப்பாட்டுக் கடையில்,
கல்லாவுக்கு மேல் ஆணியில்.
கேள்வி மூன்று: அவசர நேரத்தில் திறக்க வழி உண்டா?
உண்டு என்று எழுதினேன்.
திங்கட்கிழமை கடை இல்லை
என்று எழுத இடம் விடவில்லை அவர்கள்.

"பசியாறிட்டீங்களா மேடம்?"
இன்பநாதன் கதவைத் தோளால் தள்ளினார்.
மூன்று பம்புகள்.
ஒன்று ஓடும்.
ஒன்று, ஓடுவதற்குத் தன் பேரிங்கைக் கொடுத்துவிட்டுச்
சும்மா உட்கார்ந்திருக்கிறது.
மூன்றாவதைப் போர்த்திய தார்ப்பாயில்
பூனை குட்டி போட்டிருந்தது.

பதிவேடு மட்டும் அத்தனை அழகு.
வெள்ளிதோறும் பதினைந்து நிமிடச் சோதனை ஓட்டம்.
வெள்ளிதோறும் "பாய்க்".
ஒரே நீல மை, ஒரே சாய்வு,
வருடம் முழுவதையும்
ஒரே மத்தியானத்தில் எழுதிய கை.
போன டிசம்பரில்
இந்தச் சுவரில் நெஞ்சு உயரத்துக்குச்
சேறு கோடு போட்டதே, அந்த வெள்ளியும்
"பாய்க்".

டீசல் தொட்டியின் முள் நிறைவைக் காட்டியது.
குச்சியை விட்டுப் பார்த்தேன்.
அடியில் நான்கு விரல் தண்ணீர்.
வெள்ளத்தை விரட்டக் கட்டிய வீட்டில்
வெள்ளத்தில் கொஞ்சம்
வாடகையில்லாமல் தங்கிவிட்டிருந்தது.

குச்சியைத் துடைத்துக்கொண்டே இன்பநாதன் சொன்னார்:
"ஓட்டினா, டீசல் எங்க போச்சின்னு கேக்குறாங்க.
ஓட்டாட்டி
யாரும் ஒன்னும் கேக்குறதில்ல."

"இப்ப ஓட்டுங்க" என்றேன்.

இரண்டு முறை இருமியது.
மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.
தரை அதிர்ந்தது, பூனை எழுந்து
ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போனது.
குப்பைத் தடுப்பில் சிக்கியிருந்த
மட்டைகள், ஒரு மெத்தை,
ஒற்றைச் செருப்பு எல்லாம்
வாய்க்காலோடு சேர்ந்து மெல்ல அசைந்தன.

நான் நேரத்தைக் குறித்தேன். மூன்று பத்து.
வானத்தில் ஒரு மேகமில்லை.
கொடியில் காய்ந்த பள்ளிச் சீருடைகள் மொடமொடத்தன.

அப்போதுதான் லயத்துக் கதவுகள் திறந்தன.

முதல் வீட்டிலிருந்து ஒரு பையன்
புத்தகப் பையைக் கூரைப் பரணுக்கு எறிந்தான்.
இரண்டு பேர் ஐஸ்பெட்டியை
மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்,
பேசாமல், பழகிய தோள்களோடு.
அரிசிப் பை, கேஸ் தோம்பு,
சாமிப்படம், வீட்டுப் பத்திரம் வைத்த பிஸ்கட் டின்.
யாரும் வானத்தைப் பார்க்கவில்லை.
பம்ப் வீட்டைத்தான் பார்த்தார்கள்.

ஒன்பதாவது நிமிடம் பம்ப் விக்கி நின்றது.

கேள்வி இருபத்தேழு:
வாராந்திரச் சோதனை ஓட்டம் முறையாக நடக்கிறதா?
சான்று இணைக்கவும்.

பதிவேட்டை இணைக்கவில்லை.
இப்படி எழுதினேன்:
வெயில் நேரத்தில் பம்ப் ஓடியது.
ஆறு நிமிடத்தில் பதினொரு வீடுகளில்
ஐஸ்பெட்டிகள் மேசைக்கு ஏறின.
வெள்ளிதோறும் கேட்கும் சத்தத்துக்கு
யாரும் அரிசியைத் தூக்குவதில்லை.

வேலிக்கு அருகே ஒரு பெண் வந்து நின்றாள்,
பாக்கியவதி என்றார் இன்பநாதன்.
கைகளில் இன்னும் மாவு.
சோதனைதான், பயப்படாதீங்க என்றேன்.
இனிமே வாராவாரம் ஓட்டச் சொல்லி எழுதியிருக்கேன்,
கேட்டுக் கேட்டுப் பழகிடும்.

அவள் வாய்க்காலைப் பார்த்தாள். மெத்தையைப் பார்த்தாள்.
"பழகிட்டா
நெசமா தண்ணி வர்றப்ப
எங்களுக்கு யாரு சொல்லுவா?"

சைரன் உண்டா என்பது கேள்வி முப்பத்தைந்து.
உண்டு.
கம்பத்தின் உச்சியில், துருப்பிடித்த வாய்க்குள்,
மைனா வைக்கோல்.

வண்டியைத் திருப்பும்போது பார்த்தேன்.
பையை இறக்கிவிட்டான் பையன்.
ஐஸ்பெட்டிகளை
யாரும் இறக்கவில்லை.