வலம் முப்பது, இடம் முப்பது

பிப்ரவரி டர்பன். ஈரம் சட்டைக்குள் குடியிருக்கிறது.
கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும்
உலர்ந்த நைட்ரஜன் சீறுகிறது.
டெராஹெர்ட்ஸ் அலைக்குத் தண்ணீர் ஆகாது.
பெட்டி திறந்திருக்கையில் யாராவது கொட்டாவி விட்டாலே
வரைபடத்தில் ஒரு பல் விழுந்துவிடும்.

தகடு என் கட்டைவிரல் நகத்தளவு.
அதில் ஆயிரத்து இருபத்துநான்கு செல்கள்,
ஒவ்வொன்றுக்கும் இரண்டே சொல்தான் தெரியும்.
பூஜ்யம்: வந்ததை வந்தபடி திருப்பு.
ஒன்று: முகட்டைப் பள்ளமாக்கித் திருப்பு.
எது எங்கே என்று எழுதுவது நான்.
வரிசையை மாற்றினால் கதிர் வேறு மூலைக்குப் போகும்,
தகடு இம்மியும் அசையாது.
அலைக்குத் தான் திருப்பப்பட்டது தெரியாது,
நேரே போவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கும்.

வலப்பக்கம் முப்பது பாகை என்று கட்டளை.
போனது.
இடப்பக்கமும் முப்பதில் ஒன்று போனது,
அதே உயரம், அதே பருமன்,
கேட்காமல் பிறந்த இரட்டை.
மூன்று நாள் நிரலைத் துழாவினேன். பிழை இல்லை.
இரண்டு சொல் மட்டும் தெரிந்த தகட்டுக்கு
இடது வலது தெரியாது, அவ்வளவுதான்.

நொம்புலேலோ திரையை விரலால் தட்டினாள்.
"இது குவாமாஷு," என்றாள். "அது சாட்ஸ்வர்த்."
ஜன்னலுக்கு வெளியே, சரிவில், கேட்டோ மேனர்.
அவள் அம்மாவை வடக்கே கொண்டுபோன லாரியும்
என் அப்பாவைத் தெற்கே கொண்டுபோன லாரியும்
சில வருட இடைவெளியில்
அந்த மேட்டிலிருந்துதான் புறப்பட்டன.
பதிவேட்டில் எவனோ இட்ட ஒரு குறி.
அப்பாவுக்கு ஒன்பது வயது,
கோழிக்கூடையை மடியில் வைத்திருந்தாராம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் நைட்ரஜன் குழாயை இறுக்கினாள்,
அது இறுக்கமாகத்தான் இருந்தது.

இரண்டு மணிக்கு மின்வெட்டு,
அட்டவணைப்படி, மின்சாரத்தைவிட ஒழுங்காக.
அலை மூலம் மட்டும் பேட்டரியில்.
செல்கள் அத்தனையும் பூஜ்யம்.
தகடு வெறும் கண்ணாடி ஆயிற்று;
இரட்டையர் இருவரும் மறைய
அலை புறப்பட்ட வாய்க்கே திரும்பி வந்தது.
மானியின் முள் துடித்தது.
துடிக்கட்டும். அலைக்கு ஏது வீடு.

குறிப்பேட்டில் எழுதினேன்:
14.02. மின்சாரம் இல்லை. கதிர் நேர்.
பிறகு ஒரே கைபேசியில் இருவருமாகக் குனிந்து
நான்கு சொல் தெரிந்த செல்லுக்கு
விலை கேட்டு ஒரு கடிதம் தட்டினோம்.
சிக்னல் வரட்டும், அனுப்பலாம்.