ஈரத்துக்குக் கழிவு

அமுதவல்லிக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
எனக்குப் பகலில் கொழுந்து மடுவத்தில் தராசு.
அவள் செருப்பைக் கழற்றும் நேரம்
நான் மாட்டிக்கொண்டு கிளம்புவேன்.
மற்ற பேச்செல்லாம் எடைச் சீட்டின் பின்பக்கம்,
ஃப்ரிட்ஜ் கதவில்.

முதல் சீட்டு, ஆடி மாதம். பிள்ளைக்கு நாற்பது நாள்.
'மூன்று மணிக்குக் குடித்தாள்.
ஏப்பம் வராமல் கிடத்தாதே.
துணி ஒன்பதும் ஈரம்,
கோத்தகிரியில் இனி வெயிலை எதிர்பார்த்துப் பயனில்லை,
இஸ்திரி போட்டே காய வை.
என்ன குளிரானாலும்
கரியடுப்பை அறைக்குள் கொண்டுவராதே.'

கூடியிருக்கிறாளா என்று பார்க்க
ஒருநாள் மடுவத்துத் தராசிலேயே வைத்தேன்.
கூடையோடு ஆறு கிலோ இருநூறு.
கூடை போக மூன்று தொள்ளாயிரம்.
'ஈரத்துக்குக் கழிக்கலையா, கணக்கப்பிள்ளை?'
வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.
துணிக்குள் கைவிட்டுப் பார்த்தேன்.
கழிக்க வேண்டியதுதான்.

மழை நாளில் நூற்றுக்குப் பத்து கழிப்போம்.
இலைமேல் நிற்கிற தண்ணீர்
இலையில்லை.

இரண்டரை வயதில், டானிங்டன் பஸ் நிறுத்தத்தில்,
சுகிர்தா தரையில் புரண்டாள்.
அவள் நினைத்திருந்த பஸ் நீலம், வந்தது பச்சை.
ஊரே பார்த்தது. ஓர் அறை விட்டேன்.
அன்றைக்கு நான்கு வரி எழுதி
மூன்றை அடித்துவிட்டேன்:
'அவளுக்குப் பசி. எனக்குத் தெரியவில்லை.'
பதில் வரவில்லை.
மறுநாள் என் சட்டைப் பையில்
காகிதத்தில் சுற்றிய ஒரு வர்க்கி.
பிறகு எத்தனையோ வருடம்
அந்தப் பை பொறுக்காகவே இருந்தது.

'கபிலேஷ் மறுபடியும் நனைத்துவிட்டான்.
விரிப்பை அக்கா முன்னால் உதறாதே.
பதினொன்றுக்கு ஒருமுறை எழுப்பு.'

'காட்டெருமை நின்றால் ஓடாதே, கல்லெடுக்காதே,
வந்த வழியே மெல்லப் பின்வாங்கு என்று
இருவருக்கும் சொல்லியாயிற்று.
கணக்குத் தாளில் என் கையெழுத்தை அவனே போட்டிருக்கிறான்.
என்னுடையதைவிட நன்றாக வந்திருக்கிறது.
என்ன செய்ய?'
கீழே அவள் எழுத்து, மருந்துச் சீட்டுக் கோணலில்:
'எத்தனை மார்க் என்று கேட்காதே.
யாருக்குப் பயந்தாய் என்று கேள்.
பதில் நீயாக இருந்தால் கோபப்படாதே.'

சுகிர்தாவுக்குப் பன்னிரண்டு. நான் மட்டும் வீட்டில்.
மருந்துக் கடையில் செய்தித்தாள் சுற்ற வேண்டாம் என்றேன்,
சுற்றியே கொடுத்தார்.
உனக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு
குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று
ஒவ்வொன்றாகச் சொன்னேன், அமுதா.
சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.
'சடங்கு வேண்டாமாம். உன் அம்மாவிடம் நீயே பேசு.'

பதினைந்தில் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டாள்.
போட்டுக் கொடுத்தோம்.
பத்து மணிக்கு மேல் போன் எல்லாம் சமையலறையில்,
எங்களுடையதும். அது அவள் வைத்த நிபந்தனை.
'உங்களுக்கு ஒண்ணுமே புரியாது' என்று
தாழ்ப்பாளைச் சாத்திய இரவில்
நான் எழுதிய ஒரு பக்கத்துக்கு
அமுதா எழுதியது இவ்வளவுதான்:
'எதிரில் உட்கார்ந்து பேசாதே.
பக்கத்தில் உட்கார். இரண்டு கிலோ பட்டாணி வாங்கி உரி.'
முதல் கிலோ முழுக்க மௌனம்.
இரண்டாவதில் பாதியில் ஒரு பெயர் சொன்னாள்.
நான் காய்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அமுதாவுக்கும் பகல் வேலை.
மலைச்சாலையில் மரம் விழுந்து
இருவருமே வீடு சேர ஒன்பதரை.
ஃப்ரிட்ஜில் ஒரு சீட்டு. எங்கள் எழுத்தில்லை.
'தம்பிக்கு நூற்றிரண்டு. எட்டு மணிக்கு அரை மாத்திரை.
வெதுவெதுப்புத் தண்ணியில் துடைச்சாச்சு. ஐஸ் வைக்கலை.
கஞ்சி இருக்கு.
கதவைத் தட்டாதீங்க. நாளைக்கு எனக்குப் பரீட்சை.'

கடைசி வரியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்,
பத்தா, பதினைந்தா என்று.
வெளியே நல்ல மழை.

தட்டவில்லை.
கஞ்சி ஆறிப் போயிருந்தது. உப்பு சரியாக இருந்தது.