மக்னீசியம் இல்லாத நீர்

செட்டிச்சாவடிப் பக்கம் மலை
வெள்ளையாய்ப் பிளந்து கிடக்கிறது.
மதியம் வெடி வைத்தால்
நுண்ணோக்கி ஒருமுறை நடுங்கும்.
ஊர் மண்ணெல்லாம் மக்னீசியம்.
நானோ
மக்னீசியம் நீக்கிய நீரைப்
பெங்களூரிலிருந்து பெட்டி பெட்டியாய் வரவழைத்து
செல்களைக் கழுவுகிறேன்.
துளி மிச்சமிருந்தாலும் போதும்,
ஒன்றையொன்று விடாது,
குடுவையின் தரையையும் விடாது.

பூங்காவனம் அக்கா கேட்டாள்,
"இது யாரோடதும்மா?"
சிறுநீரகம் என்றேன்.
"அதான், யாரோட சிறுநீரகம்?"
கடல் தாண்டிய ஊரில்
நான் பிறப்பதற்கு முன்
பிறக்காமலே போன ஒன்றின் சிறுநீரகம்.
பேர் கிடையாது. எண் இருக்கிறது.
குடுவையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"அப்ப எனக்கும் மூத்தது" என்று
குழாய் கழுவப் போய்விட்டாள்.

தான் சிறுநீரகம் என்பதையே
அது மறந்து நாளாயிற்று.
அதன் தோலில் நாங்கள்
நுரையீரலின் பூட்டு ஒன்றைப் பதித்திருக்கிறோம்,
உள்ளே ஒரு மின்மினியின் மரபணுவை.
சாவி திரும்பினால் வெளிச்சம் வரும்.
கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்,
இயந்திரம் எண்ணாகச் சொல்லும்.
பூட்டைத் தொலைத்த செல்கள் செத்துப்போகட்டும் என்று
ஒரு விஷத்தையும்
உணவோடு கலந்தே வைக்கிறோம்.

தொண்ணூற்றாறு குழித் தட்டு.
அக்காவுக்கு அது பணியாரச் சட்டி.
முதல் வரிசைக்கு,
என் கைப்பையில் கிடக்கும்
நீல இன்ஹேலரின் அதே மருந்து.
கடைசி வரிசைக்கு வெறும் நீர்.
நடுவில் எண்பது
ஹைதராபாத்திலிருந்து வந்த
பேரில்லாப் பொடிகள்.

விடாமல் ஊற்றினால்
முதல் சில நிமிடம் நன்றாக எரியும்.
பிறகு செல்
பூட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும்.
எத்தனை சாவியோடு வந்து நின்றாலும்
வெளியே வெறும் சுவர்.
கழுவிவிட்டு
ஒரு மணி நேரம் சும்மா விட வேண்டும்.
சிலது மேலே வரும்.
சிலது வராது.

மார்கழியில்
ஒரே நாளில் ஏழு தடவை அழுத்தினேன்.
டாக்டர் ஹெப்சிபா திட்டினார்,
"இப்படி அடிச்சா அப்புறம் கேக்காதும்மா."
அந்தக் கேட்காமையைத்தான்
கோடு கோடாக வரைந்து
நான் சம்பளம் வாங்குகிறேன் என்று
அவருக்குத் தெரியாது.

போன வியாழன்
நான்காம் வரிசை, ஏழாம் குழி.
நாற்பது நிமிடமாகியும்
ஒளி இறங்கவே இல்லை.
மறுநாளும் இறங்கவில்லை.
முதலாளி சுதர்சனம்
எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கிவந்தார்.

சனிக்கிழமை
யாரும் சொல்லாமலே
பூட்டில்லாத செல்களிலும் ஊற்றிப் பார்த்தேன்.
அங்கும் அதே வெளிச்சம்.
பூட்டை அது தொட்டதே இல்லை.
மின்மினியைத்தான்
கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

நோட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டேன்.
தட்டுவடையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.
முப்பத்தோராம் தலைமுறைக் குடுவையில்
பிளீச்சை ஊற்றினேன்.
சிவப்பு வெளுத்தது.
நைட்ரஜன் புகைக்குள் கைவிட்டு
நான்காம் தலைமுறைக் குழாய் ஒன்றை எடுத்து
வெந்நீரில் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

கோரிமேடு நிறுத்தம்.
சேர்வராயன் மலையிலிருந்து பனி இறங்கி
நெஞ்சில் விசில் கேட்கிறது.
ஒரே ஒரு தடவை அழுத்தி
மூச்சைப் பிடித்து எண்ணுகிறேன்.
இந்த நேரத்தில்
எத்தனை பூட்டு
வெளியே நிற்கிறதோ.

எட்டு எண்ணுவதற்குள்
பஸ் வந்துவிட்டது.