இதர

பலாக்காவில் அறுவடை முடிந்த வாரம்.
வினாத்தாளில் பதினெட்டாம் கேள்வி:
கொடுத்த பணத்தை என்ன செய்தீர்கள்?

உணவு, உரம், பள்ளி, மருந்து, கடன், ஆடு கோழி.
ஏழாவது கட்டம் இதர.
எங்கள் மேலதிகாரிக்கு இதர ஆகாது.
சாராயமெல்லாம் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது என்பார்.

மெர்விஸ் மக்வின்ஜா
ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி
சோளக்கதிர் உதிர்த்துக்கொண்டிருந்தாள்.
முறத்தில் மணிகள் விழும் சத்தத்துக்கு மேல்
நான் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"போகவில்லை" என்றாள்.

எங்கே?

"கடாமஞ்சா வயலுக்கு.
ஒவ்வொரு ஜனவரியும் போவேன்.
பானை கவிழ்ந்து கிடக்கிற மாதம்.
அவர் சோளத்துக்கு நான் களையெடுப்பேன்,
மாலையில் அரை வாளி மாவு அளப்பார்.
திரும்பி வந்து பார்த்தால்
என் சோளத்தை என் களை மூடியிருக்கும்.
அவர் குதிர் நிரம்பும்.
அடுத்த ஜனவரி
மறுபடி அவர் களை.
பதினோரு வருஷம்.

இந்த வருஷம்
மாமரத்தடி மேசையில் கட்டைவிரல் உருட்டி
வாங்கின காசுக்கு மாவு வாங்கினேன்.
அதைத் தின்று
என் களையை எடுத்தேன்."

அப்படியானால் உணவு என்று குறிக்கட்டுமா?

"மாவு எல்லா வருஷமும்தான் தின்றேன்."

பேனா நின்றது.
அவள் நிறுத்தவில்லை.

"கடாமஞ்சா வந்தார்.
சைக்கிளை விட்டு இறங்காமல் மணியடித்தார்.
என் வயலில் வேலை இருக்கிறது என்றேன்.
அன்றிரவு பாயில் படுத்தபடி
அதையே இன்னொரு தரம்
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அவர் வயல் ஒன்றும் காடாகிவிடவில்லை,
அதையும் எழுதிக்கொள்.
எஸ்னாத் போனாள், என் இடத்துக்கு.
பட்டியலில் அவளை ஏன் சேர்க்கவில்லை தெரியுமா?
தகரக் கூரை.
சுரங்கத்துக்குப் போய்ச் செத்த மகன்
சாவதற்கு முன் அனுப்பின தகரம்.
உங்கள் தாளில் அவள் வசதிக்காரி.

ஒரு கூடை கதிர் கொண்டுபோனேன்.
வாங்கிக்கொண்டாள்.
கூடையைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை."

நான் திரும்பிப் பார்த்தேன்.
நாலு வீடு தள்ளி
வெயிலில் கண் கூசியது தகரம்.

பத்தொன்பதாம் கேள்வி:
திட்டம் உங்களுக்குத் திருப்தியா,
ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்லவும்.
அவள் உதிர்த்த சக்கைகளை
ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள், அடுப்புக்கு.
கேட்காமலே அடுத்த பக்கம் போனேன்.

இதர.
பக்கத்தில் விரல் நீளத்துக்குப் புள்ளிக்கோடு.
போகவில்லை என்று எழுதினேன்.

சாயங்காலம் அலுவலகக் கணினி
அதைச் சிவப்பில் திருப்பி அனுப்பியது:
தொகையைக் குறிப்பிடவும்.

சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.
ஜெனரேட்டரை நிறுத்தப்போவதாக
வெளியே யாரோ கத்தினார்கள்.

பூஜ்யம் அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.