இரண்டாம் தேதி

மூன்று வருடமாகக் கூப்பிட்டு
ஒருவழியாய் வந்தார்கள்,
காரைக்குடியில் ஆட்டுக்கறி வெட்டாத நாளாகப் பார்த்து.

தேதி சொன்னது அற்புதராஜ்.
"ரெண்டாம் தேதி உனக்கு லீவுதானே?"
வங்கிக்காரனுக்கு லீவு என்றால் லீவு.
எதற்கு என்று யோசிப்பதில்லை.
உறைத்தபோது டிக்கெட் எடுத்துவிட்டார்கள்.

ஒன்றாம் தேதி இரவு கடை வரிசையில்
எனக்கு முன்னால் நாற்பது பேர்.
மஞ்சள்பை, கட்டைப்பை,
ஹெல்மெட்டையே பையாக ஏந்திய ஒருவர்.
ரேஷன் கடையில் பார்த்ததில்லை இந்த ஒழுங்கை.
முழுப் பாட்டில் ஒன்று,
தினத்தாளில் சுற்றி,
கவுனி அரிசி டப்பாவுக்குப் பின்னால்.
விருந்தாளி வருகிறார்களே.

பொன்னையன் போன மாதமே
பட்டியல் அனுப்பியிருந்தான்:
சுக்கா, ஈரல், காடை, நண்டு ரசம்.
மெஸ் வாசலில் சாக்பீஸ் எழுத்து,
'இன்று சைவம் மட்டும்.'
தேர்வு முடிவில் தன் எண்ணைத் தேடுகிறவன்போல
இரண்டு தடவை வாசித்தான்.
மிளகு மசாலாவில் புரட்டிய சேனைக்கிழங்கை
"கண்ணை மூடிக்கிட்டா சுக்காதான்" என்று
நிஜமாகவே கண்ணை மூடித் தின்றான்.
பரிமாறியவர் கவலையோடு
இன்னொரு கரண்டி வைத்தார்.

கானாடுகாத்தானில்
காசு வாங்கிக்கொண்டு காட்டும் வீட்டுக்கும் பூட்டு.
"வீட்டுக்குமா லீவு?" என்றாள் வாகிதா.
"எனக்கு லீவு. சாவி என்கிட்ட" என்றார் காவலாளி,
கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்தபடி.
பழம்பொருள் தெருவிலும் ஷட்டர்கள்.
வாகிதா பூட்டுகளைப் படம் எடுத்தாள்.
நாற்பத்திரண்டு பூட்டு.
"உள்ள இருக்கிறதைத்தான் எல்லாரும் எடுத்துட்டாங்களே."
ஒரு பூட்டில் ஆகஸ்டு மாதக் கொடி ஒன்று
காகிதம் வெளுத்து,
குண்டூசி மட்டும் துருப்பிடித்து.

நான்கு மணிக்குத் தூறல்.
பேருந்து நிலையத்துப் பின்புறம் ஒதுங்கினோம்.
லுங்கியைத் தூக்கிக் கட்டிய ஒருவன்
எங்கள் மூன்று பேரையும் பார்த்து,
நேரே அற்புதராஜிடம் போனான்.
எப்படித் தெரிகிறதோ இவர்களுக்கு.
"குவாட்டர் இருக்குண்ணே. முன்னூறு."
பொன்னையன் என்னைப் பார்த்தான்.
நான் மழையைப் பார்த்தேன்.
அற்புதராஜ் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அந்தக் கொஞ்ச நேரத்தில்
தேவகோட்டை பஸ் ஒன்று
ரிவர்ஸ் எடுத்து, திரும்பி, புறப்பட்டே விட்டது.
"தம்பி, இங்க நல்ல டீ எங்க கிடைக்கும்?"
அவனுக்கு முகம் சுருங்கியது.
பிறகு என்ன நினைத்தானோ
தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு
அவனே முன்னால் நடந்தான்.
தனக்கும் ஒன்று சொல்லிக்கொண்டான்,
எங்கள் கணக்கில்.

"அறுபத்தொண்ணு" என்றான் அற்புதராஜ் கிளாஸைப் பார்த்து.
"டீயா?"
"நாள்."

அப்புறம் அவனாகவே:
"எந்த ஊருக்குப் போனாலும்
நான் மட்டும் வேணாம்னு சொல்லணும்.
இன்னைக்கு ஊரே சொல்லும்.
அதான் இந்தத் தேதி."
வாகிதா கேமராவை அணைத்துப் பையில் வைத்தாள்.
பொன்னையன், வாழ்நாளில் முதல்முறையாக,
ஒன்றும் சொல்லாமல் இன்னொரு வடை எடுத்தான்.
எனக்கு நாக்கு சுட்டது.
அரிசி டப்பா நினைவு வந்தது.

இரவு எல்லோரும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தபின்
சமையலறை விளக்கைப் போடாமல் நுழைந்து
டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டேன்.
தினத்தாள் சரசரத்தது.
"அங்கேயேதான் இருக்கு" என்றது
தண்ணீர்க் குடத்தருகே ஒரு குரல்.
"காலையில சர்க்கரை தேடுறப்பவே பாத்துட்டேன்."

காலையில்.
சேனைக்கிழங்குக்கு முன்னால்,
பூட்டுகளுக்கு முன்னால்,
அந்த முன்னூறு ரூபாய்க்கு முன்னால்.

மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன்.
"ஊத்திறாதே. வாசனை வரும்" என்றான்.
சிரித்தானா என்று இருட்டில் தெரியவில்லை.
பாட்டிலைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி
சாவியை என்ன செய்வது என்று தெரியாமல்
கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
அவனும் எதிரே உட்கார்ந்தான்.
சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிடம்.
மூன்றாம் தேதி.

அவர்களுக்கு விடிகாலை ரயில்.
எழும்பூரில் இறங்கும்போது
கடைகள் திறந்து
கால்மணி நேரம் ஆகியிருக்கும்.